போர்டு போய்விட்டதா? முதலில் சுவரிலிருந்து வாருங்கள்

எங்கள் தெருமுனையில் டிடிபி கடை வைத்திருக்கும் அக்கா வைகாசி மாதத்தில் ஒருநாள் காலையில் போன் செய்தார். "தம்பி, சிபியுல உயிரே இல்ல. பட்டன அமுக்கினா ஒரு சத்தமும் வரல. சர்வீஸ்காரர் போன்லயே போர்டு போயிருச்சு, புதுசு வாங்கிடுங்கன்னு சொல்லிட்டார். முகூர்த்த நேரம், பத்திரிகை வேலை அத்தனையும் அதுக்குள்ளதான் கிடக்கு."

மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் சொல்லப்படும் இந்தத் தீர்ப்பு எனக்குப் பொறுக்காது. மதர்போர்டு பழுதாகக் கூடியதுதான். ஆனால் ஆன் ஆகாத கணினியில் அதைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். மின்சாரம் சுவர் பிளக், யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பவர் கார்டு, கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளைப் பெட்டியான எஸ்எம்பிஎஸ் என்று ஐந்து இடங்களைத் தாண்டித்தான் போர்டுக்கு வந்து சேர்கிறது. நாமும் அந்த வழியிலேயே வர வேண்டும்.

"டெஸ்டர் எரியுது, அதனால பிளக்கில் கரண்ட் இருக்கு" என்பார்கள். டெஸ்டர் காட்டுவது பேஸ் ஒன்றை மட்டும். நியூட்ரல் விட்டுப்போயிருந்தாலும் அது எரியும். ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள், அதுதான் சரியான சாட்சி. அடுத்தது யுபிஎஸ். வீட்டு யுபிஎஸ்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிதான் இருக்கும். அது வீணாகிவிட்டால், சுவரில் கரண்ட் இருந்தும் ஆன் ஆக மறுக்கிற யுபிஎஸ்கள் உண்டு. அதைத் தாண்டி நேராகச் சுவரில் செருகுங்கள். பவர் கார்டு மேல் சந்தேகமா? மானிட்டர் கார்டும் பெரும்பாலும் அதே வகைதான், மாற்றிச் செருகிப் பார்க்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறம் உள்ள சின்ன சுவிட்சையும் பாருங்கள். மேசையைத் துடைக்கும்போது கை பட்டு அணைந்திருக்கும்.

அக்கா கடையில் இவை எல்லாமே சரியாக இருந்தன.

அடுத்த நம்பிக்கைக்கு வயது அதிகம்: "முன்னால் இருக்கிற பட்டன்தான் கரண்டை விடுகிறது." ஒரு காலத்தில் இது உண்மையாகவே இருந்தது. பழைய ஏடி வகைக் கணினிகளில் 230 வோல்ட் மின்சாரம் தடித்த கேபிள் வழியாக முன்பக்க சுவிட்சுக்கே வந்து போனது. 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அமைப்பைக் கொண்டுவந்த பிறகு பட்டனின் வேலை மாறிவிட்டது. இப்போது அது காலிங்பெல் பட்டன் மாதிரி, போர்டில் இருக்கும் இரண்டு முட்களை ஒரு நொடி சேர்த்துவிடுகிறது, அவ்வளவுதான். சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் ஊதா வயரில் 5 வோல்ட்டை எப்போதும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சிறு மின்சாரத்தில் போர்டு அரைத்தூக்கத்தில் காத்திருக்கிறது. பட்டனை அமுக்கியதும் போர்டு பச்சை வயரைப் பூஜ்ய வோல்ட்டுக்கு இழுக்கிறது. அப்போதுதான் எஸ்எம்பிஎஸ் முழுதாக விழிக்கிறது. எல்லா வோல்டேஜும் நிலைப்பட்டதும் சாம்பல் நிற வயரில் "சரி" என்ற சைகை போகும். அது வராமல் பிராசஸர் வேலையைத் தொடங்காது.

இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பட்டனே கெட்டிருக்கலாம். போர்டில் பவர் சுவிட்ச் என்று குறித்திருக்கும் வயரை உருவிவிட்டு, அந்த இரண்டு முட்களை மட்டும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கணினி ஆன் ஆனால் பழுது அந்தச் சின்ன பட்டனில்தான்.

அக்காவின் கணினி அதற்கும் அசையவில்லை. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும், சிவப்பு முனையை ஊதா வயரிலும் வைத்தேன். 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் காட்ட வேண்டிய மீட்டர் 1.7-இல் நின்று ஆடியது. போர்டில் ஷார்ட் இருந்தாலும் இப்படி இறங்கும். அதனால் 24 முள் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி அளந்தேன். அப்போதும் 1.7தான். குற்றவாளி எஸ்எம்பிஎஸ், போர்டு இல்லை.

ஊதா வயர் சரியாக இருந்திருந்தால் அடுத்த சோதனை பச்சை வயரில். மெயின் சுவிட்சை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, பச்சைக்கும் பக்கத்துக் கறுப்புக்கும் இடையே வளைத்த ஜெம் கிளிப்பைச் செருகி, பிறகு சுவிட்சைப் போட வேண்டும். ஃபேன் சுழன்றால் எஸ்எம்பிஎஸ் விழிக்கிறது என்று அர்த்தம். பாரம் தாங்குமா என்பதை இது சொல்லாது. வயர்கள் எல்லாமே கறுப்பாக இருந்தாலோ, கனெக்டர் வேறு வடிவமாக இருந்தாலோ இதைச் செய்யாதீர்கள். சில பிராண்டட் கணினிகளில் இந்த நிறக்கணக்கு பொருந்தாது.

"போர்டில் லைட் எரியுது, ஃபேன் சுத்துது, அப்ப எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கு" என்பதும் இதே காரணத்தால் தவறு. அந்த லைட்டுக்கு ஊதா வயரின் 5 வோல்ட் போதும். ஃபேன் சுழல 12 வோல்ட் ஏறக்குறைய வந்தாலே போதும். ஃபேன் ஒரு வெட்டு வெட்டி நின்றால், எங்கோ ஷார்ட் இருப்பதைக் கண்டு எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது. முன்பக்க யுஎஸ்பி துவாரத்தில் வளைந்த தகடுகூட அதற்குக் காரணமாகலாம்.

ராமை ரப்பரால் தேய்க்கும் வைத்தியம் ஆன் ஆகி டிஸ்பிளே வராத கணினிக்கு உரியது. உயிரே இல்லாத கணினிக்கு அதனால் பயனில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். "பிளக்கைப் பிடுங்கிட்டோம்ல, எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரிச்சுப் பார்க்கலாம்" என்று துணியாதீர்கள். 230 வோல்ட் ஏசி உள்ளே சுமார் 325 வோல்ட் டிசியாக மாறிப் பெரிய கெப்பாசிட்டரில் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கே தங்கியிருக்கலாம். அந்தப் பெட்டியை மாற்றத்தான் வேண்டும், திறக்கக் கூடாது.

"படமெல்லாம் போச்சா தம்பி?" என்று அக்கா மூன்று தடவை கேட்டார். ஆன் ஆகாத கணினியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போர்டே போயிருந்தாலும் டிஸ்க்கைக் கழற்றி, தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி கேபிளில் மாட்டி இன்னொரு கணினியில் படிக்கலாம். டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி துவாரம் மட்டும் போதாது.

புது எஸ்எம்பிஎஸ் மாட்டியதும் கணினி எழுந்தது. திரையில் தேதி 2013 ஜனவரி 1 என்று வந்தது. போர்டில் இருக்கும் சிஆர்2032 செல் எப்போதோ தீர்ந்திருக்கிறது. செல் தீர்ந்தால் கணினி ஆன் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள், அரிதாகச் சில போர்டுகளில்தான் அப்படி நடக்கும். மற்றவற்றில் கடிகாரமும் செட்டிங்குகளும் மட்டும் அழியும். அக்கா தேதியைத் திருத்தினார், மணமகன் பெயரில் விடுபட்டிருந்த இனிஷியலைச் சேர்த்தார், பிரிண்டரில் அட்டையைச் செருகினார்.