நாயோடு நடத்தலும் நல்லறமும்
(கொல்லாமை அணுவிரதம் – ஒரு பாடம்)



இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. "நாம் எவ்வுயிரையும் கொல்வதில்லை, ஊன் உண்பதில்லை, ஆகவே இவ்விரதம் நம்மிடம் குறைவின்றி நிற்கிறது" என்று எண்ணுவது நமக்கு இயல்பாகிவிட்டது. ஆசாரியர்கள் இவ்விரதத்தை அவ்வளவு எளிதாக வகுத்துவிடவில்லை. வீட்டு நாயைப் பகல் வெயிலில் தார்ச்சாலையில் அழைத்துச் செல்லும் சிறு செயலிலும் இவ்விரதம் பழுதுபடக்கூடும். அஃது எவ்வாறு என்பதையும், அதனைத் தவிர்க்கும் நெறியையும் இப்பாடத்தில் காண்போம்.

நம் நூல்களில் நாய்

ஊனுண்ணும் விலங்குகளை வளர்த்தல் சிராவகர்க்கு ஏற்றதன்று என்பார் நம்மிடையே உளர். அவ்விவாதத்தில் நாம் இங்குப் புகவில்லை. காவலுக்காகவோ, குழந்தைகளின் விருப்பத்துக்காகவோ, தெருவில் கைவிடப்பட்டதைக் கண்டு இரங்கியோ, ஒரு நாய் நம் பொறுப்பில் வந்துவிட்டால் அதன் இன்பதுன்பங்கள் நம் கையில் உள்ளன. அந்நிலையில் நம் கடமை யாது என்பதே இங்குக் கேள்வி.

நாய் ஐம்பொறிகளோடு மனமும் உடைய உயிர். திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணியில், அடியுண்டு குற்றுயிராய்க் கிடந்த நாயின் செவியில் சீவகன் ஐந்நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகனின் உயிர் காக்கும் துணையாகிறது. நாயின் உடலில் உறைவதும் நம்மைப் போல் உயரத்தக்க ஆன்மாவே என்பதை இதனினும் தெளிவாகக் கூறவியலாது.

இம்சை என்பது யாது?

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, கொல்லும் கருவியையோ சினத்தையோ முதலில் வைக்கவில்லை. 'பிரமாதம்' என்பதையே வைக்கிறார். இன்று நாம் சிறப்பான விருந்தைப் 'பிரமாதம்' என்கிறோம். நூலில் அச்சொல்லுக்குப் பொருள் கவனமின்மை, அசட்டை என்பதாகும். கவனமின்மையால் உயிர்க்கு ஊறு விளைப்பதே இம்சை. "நாம் அடிக்கவில்லையே, அன்பாகத்தானே அழைத்துச் சென்றோம்" என்னும் விடை இவ்விடத்தில் செல்லாது.

சங்கரன்கோவில் வெயில்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலை எடுத்துக்கொள்வோம். கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில், 8, 9-ஆம் நூற்றாண்டுகளின் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் விளங்கும் கழுகுமலை உள்ளது. அங்குச் சென்ற நம்மவர், நண்பகலில் அப்பாறையில் வெறுங்காலுடன் நிற்க இயலாமையை உணர்ந்திருப்பர். ஊருக்குள் இருக்கும் சாலைகளும் அத்தகையனவே. ரத வீதிகளும், இராசபாளையம், திருநெல்வேலி நோக்கிச் செல்லும் சாலைகளும் கோடையில் கொதிக்கின்றன. நாம் செருப்பு அணிந்து நடக்கிறோம். நாய்க்குச் செருப்பு இல்லை.

காற்றின் வெப்பம் 31 டிகிரி செல்சியசாக இருக்கும் நாளிலும், நேர் வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியை எட்டக்கூடும். கோடைப் பிற்பகலில் நம் பகுதியில் காற்றே 35 டிகிரியைக் கடக்கிறது. அச்சூட்டில் நாயின் உள்ளங்கால் சிறிது நேரத்திலேயே வெந்து கொப்புளிக்கும்.

மனிதர் உடல் முழுதும் வியர்த்துக் குளிர்கிறோம். நாய்க்கு வியர்வை பெரும்பாலும் உள்ளங்கால்களில் மட்டுமே உண்டு. வாயைத் திறந்து இரைத்தே அது தன் சூட்டைத் தணிக்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி. அது 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதுபட்டு உயிர் பிரியவும் கூடும். பருத்த நாய், முதிய நாய், பக் போன்ற தட்டை மூக்கு நாய் ஆகியவற்றுக்கு ஆபத்து மிகுதி. இராசபாளையம் நாய்க்கு வெள்ளைக் குறுமயிரும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ளமையால் வெயில் தோலைச் சுடும். அவ்வினத்தில் பிறவியிலேயே செவி கேளாதவையும் உண்டு. அத்தகைய நாய் பின்னால் வரும் பேருந்தின் ஒலியை அறியாது.

ஐந்து அதிசாரங்கள்

கொல்லாமை விரதத்தை மாசுபடுத்தும் அதிசாரங்கள் ஐந்து. மாடும் குதிரையும் இல்லத்தில் இருந்த காலத்தில் கூறப்பட்டவையாயினும், இவை நாய்க்கும் அப்படியே பொருந்துகின்றன.

1. கட்டுதல். கட்டு என்பது காவலுக்காக இருக்கலாம், வதைக்காக இருத்தலாகாது. சாலையில் கயிறின்றி விடுதல் அன்பன்று. அது வண்டியின் கீழ் விட்டுவிடுவதற்கு ஒப்பாகும். நாலைந்து அடி நீளமுள்ள வலிய வாரைப் பிடித்தல் நன்று. கழுத்தை இறுக்கும் சங்கிலியினும் மார்பைச் சுற்றிய பட்டை சிறந்தது. இரைக்க இயலாதபடி வாயைக் கட்டி வெயிலில் நடத்தல் பெருந்தீங்கு. நாள் முழுதும் கட்டியே வைத்து நடையே அளிக்காமலிருப்பதும் இவ்வதிசாரத்துள் அடங்கும்.

2. அடித்தல். நாய் நின்றுவிட்டால் அதற்குக் காரணம் உண்டு. கால் சுடுகிறது, களைத்துவிட்டது, அல்லது அஞ்சுகிறது. அதனை அறியாது இழுத்தலும் அடித்தலும் தவறு. எதிர்வரும் தெருநாயைக் கல்லால் எறிவதும் தவறே. நம் நாயை அருகே இழுத்துக்கொண்டு, ஓடாமல், மெல்ல வேறு பக்கம் விலகிச் செல்க.

3. உறுப்பை அறுத்தல். அழகுக்காகக் காதையும் வாலையும் வெட்டுதல் இதன்பாற்படும். நடைக்கு இடையூறாக வளர்ந்த நகத்தை வலியின்றி நறுக்குதல் குற்றமாகாது, நோக்கமே அளவுகோல்.

4. மிகுபாரம் ஏற்றல். நாயின் முதுகில் நாம் சுமை ஏற்றுவதில்லை. ஆனால் ஆற்றலுக்கு மிஞ்சிய தொலைவும் சுமையே, வெயிலும் சுமையே. இரு சக்கர வண்டியில் நாம் செல்ல, நாயைக் கயிற்றில் கட்டி உடன் ஓடச் செய்யும் வழக்கம் இவ்வதிசாரத்துக்கு நேரான எடுத்துக்காட்டு.

5. உணவையும் நீரையும் தடுத்தல். கையில் நீர் இல்லாமல் கோடையில் நடைக்குப் புறப்படுவதும் நீரைத் தடுத்ததற்கு ஒப்பாகும். நாம் வடிகட்டிப் பருகும் நீரிலேயே ஒரு புட்டியும் சிறு கிண்ணமும் எடுத்துச் செல்வோம். வயிறு நிறைய உண்ட உடனே நாயை நடத்துதல் கூடாது.

இந்திய அரசு 1960-ஆம் ஆண்டு இயற்றிய விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவை நோக்குக. அடித்தல், மிகுபாரம் ஏற்றல், உறுப்பைச் சிதைத்தல், குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டுதல், உணவும் நீரும் அளிக்காமை ஆகிய ஐந்தும் அங்குக் குற்றங்களாக உள்ளன. கட்டியே வைக்கும் நாய்க்கு நடைப்பயிற்சி அளிக்காமையும் குற்றம் என அப்பிரிவு தனியே கூறுகிறது. சட்டத்துக்கு அஞ்சி நாம் செய்வதை, விரதத்தின்பால் உள்ள அன்பால் முன்னோர் செய்தனர்.

நடைக்குரிய ஒழுங்கு

முனிவர்க்குரிய சமிதிகள் ஐந்தனுள் ஈரியா சமிதி நடையைப் பற்றியது. பகலொளியில், பலரும் நடந்த வழியில், நான்கு முழத் தொலைவை நோக்கியபடி, உயிர்களை மிதியாது நடத்தல் அதன் இயல்பு. இல்லறத்தார் அதனை முழுதும் ஏற்க இயலாவிடினும், நாயோடு நடக்கும்போது அதன் நிழலேனும் நம்மிடம் இருத்தல் வேண்டும்.

நேரம்: கதிரவன் எழுந்த பின் முதல் ஒரு மணி நேரமே சிறந்தது. ஒளி உண்டு; இரவெல்லாம் ஆறிய சாலை குளிர்ந்திருக்கும். மாலையில் வெயில் தணிந்தாலும் தார் உடனே ஆறுவதில்லை. பகலில் வாங்கிய சூட்டை நெடுநேரம் வெளிவிடும்.

சோதனை: புறங்கையைச் சாலையில் பதித்து, ஐந்நமஸ்கார மந்திரத்தை ஒருமுறை நிதானமாக ஓதுக. முடியும்வரை கையை வைத்திருக்க இயலாவிடில், நாயின் காலுக்கும் அச்சாலை ஆகாது. மண் ஓரமும் மரநிழலும் தேடுக; இல்லையேல் திரும்பிவிடுக.

வழி: நடைமேடை இல்லாத சாலையில், எதிர்வரும் வண்டிகளைக் காணுமாறு வலப்பக்கம் நடக்க வேண்டும். நாய் ஓரத்திலும் நாம் சாலைப் பக்கத்திலும் இருத்தல் முறை. ஆடித்தபசு போன்ற விழா நாள்களில் கூட்டம் நிறைந்த வீதிகளுக்கு நாயை அழைத்துச் செல்லலாகாது.

பிற உயிர்களும் பிறரும்: எறும்பு வரிசையும், மழைக்குப் பின் ஊரும் நத்தையும் நம் கண்ணில் பட வேண்டும். பிறர் வாயிற் கோலத்தை நாய் அழிக்க விடலாகாது. அதன் கழிவை அகற்றுதல் நம் பொறுப்பு. ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி இடுதல் நம் நாய்க்கும் ஊருக்கும் காப்பு. எந்த நாய் கடித்தாலும் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்க.

இடர் நேர்ந்தால்

ஓயாத இரைப்பு, கெட்டியான எச்சில், செக்கச்சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுதும் குளிர்ந்த நீரை ஊற்றி, விசிற வேண்டும். நினைவோடு இருந்தால் சிறிது சிறிதாகப் பருகத் தரலாம், வாயில் புகட்டலாகாது. குளிர்வித்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்க. தேறியது போல் தோன்றினும் மருத்துவர் பார்த்தல் இன்றியமையாதது. கால் வெந்திருந்தால் குளிர்நீரால் ஆற்றி, எண்ணெயோ மஞ்சளோ பூசாமல், தூய துணியால் மூடி மருத்துவரிடம் காட்டுக.

அன்பர்களே! நாய் தன் கால் சுடுவதைச் சொல்லாது. வலித்தாலும் நம்மைப் பின்தொடரும். அந்த நம்பிக்கையே அதற்கு ஆபத்தாகிறது. வாய் பேசாத உயிரின் வலியை அது கூறாமலே உணர்தலே கருணை. வீட்டில் நாய் இல்லாதவரும் அண்டை வீட்டாருக்கு இதனை எடுத்துரைத்தால், அதுவும் கொல்லாமை விரதத்தைப் பேணியதாகும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள் (பிள்ளைகளோடு அமர்ந்து விடை காண்க)

1. 'பிரமாதம்' என்பதன் நூற்பொருள் யாது? நம் வீட்டில் அதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
2. ஐந்து அதிசாரங்களுள் வெயிலில் நாயை நடத்துதல் எவற்றைச் சாரும்?
3. மாலையினும் காலையே நடைக்கு ஏற்றது ஏன்?
4. சீவகன் நாய்க்குச் செய்த உதவியிலிருந்து நாம் கற்பது யாது?