பட்டாளத்தில் முதல் பத்து நாள்



நம் ஊர்ப் பெயரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பாளையம் என்றால் படை தங்கும் இடம். பழைய புத்தகங்களில் ‘பாளையம் இறங்கினார்கள்’ என்று வந்தால் கூடாரம் அடித்துத் தங்கினார்கள் என்று அர்த்தம். இன்றைக்கு ராஜபாளையத்தில் கேட்பது மில் சங்குதான். ஆனாலும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருந்து பையன்கள் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஓட்டம் சொல்லித்தர நம் ஊரில் ஆள் உண்டு. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண், புல்-அப்ஸ் 10 எடுத்தால் அதற்கும் முழு மதிப்பெண், 9 அடி பள்ளம் தாண்ட வேண்டும் என்பதெல்லாம் டீக்கடையில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியும். ஆனால் தேர்வாகி, பயிற்சியும் முடித்து, கையில் ஆர்டரோடு ஒரு யூனிட் வாசலில் போய் நிற்கிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் அப்பா மில் தொழிலாளி. எங்கள் வீட்டில் ‘ஜாயினிங் ஆர்டர்’ என்ற காகிதத்தை யாரும் கையில் வாங்கியதில்லை. ஆகவே எங்கள் தெருவில் இருக்கிற, மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சியிடம் பல நாள் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னதோடு நான் படித்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

முதலில், இது நமக்கு எப்படிச் சம்பந்தம்? 2022 ஜூன் 14-ல் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் ‘அக்னிவீர் டெக்னிக்கல்’ பிரிவுக்கு மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், ஆட்டோமொபைல், கம்ப்யூட்டர் போன்ற பாடங்களில் டிப்ளமோ படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். மாணவியருக்கு ராணுவ போலீஸ் பிரிவு இருக்கிறது. முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேவா நிதிக்குப் போக, கைக்கு வருவது 21,000. பணிக்காலம் பயிற்சியும் சேர்த்து நாலே வருடம். அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள் என்பது அப்போதைய அறிவிப்பு. மற்றவர்கள் சேவா நிதியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். பென்ஷன் கிடையாது.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அண்ணாச்சி போன்றவர்களுக்கு முதல் வருடம் சுமாராக இருந்தாலும் பத்துப் பதினைந்து வருடத்தில் சரிக்கட்டிக்கொள்ள அவகாசம் இருந்தது. இப்போது நாலு வருடத்தில் பயிற்சியைக் கழித்துவிட்டால் யூனிட்டில் இருப்பது எத்தனை நாள்? முதல் பத்து நாளில் ஒருவனைப் பற்றி விழுகிற அபிப்பிராயத்தை மாற்றுவதற்கே ஒரு வருடம் போய்விடும்.

நேரத்துக்குப் போய்ச் சேர்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராஜபாளையத்தில் ரயில் ஏறி சென்னை போய், அங்கிருந்து வடக்கே போகிறவர்கள் ஒரு நாள் கையிருப்பு வைத்துக் கிளம்ப வேண்டும். பெரிய ஸ்டேஷன்களில் எம்.சி.ஓ. என்ற ராணுவ அலுவலகம் இருக்கும். ரயில் தாமதமானாலோ தவறினாலோ அங்கே போய்ச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தாமதமாகப் போவது நம் காலேஜில் லேட் வருவது மாதிரி இல்லை. லீவு முடிந்தும் வராமல் இருப்பது 1950-ம் வருட ராணுவச் சட்டத்தின் 39-வது பிரிவில் குற்றம். உள்ளே போன பிறகும் எந்த அணிவகுப்பானாலும் ஐந்து நிமிடம் முன்னதாக நிற்பதுதான் வழக்கம்.

கூப்பிடும் முறை முக்கியம். நாம் ஊரில் பெரியவர்கள் எல்லாரையும் ‘அண்ணே’ என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள். அங்கே நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் மூவரும் ‘சாப்’. அதிகாரிகள் ‘சார்’. சொல்லித்தருகிற ஹவில்தார் ‘உஸ்தாத்’. அவர் தூத்துக்குடிக்காரராக இருந்து, தனியாக இருக்கும்போது தமிழில் பேசினாலும், நாலு பேர் முன்னால் ‘அண்ணாச்சி’ என்று இழுக்கக் கூடாது.

ஆனால் அண்ணாச்சி திரும்பத் திரும்பச் சொன்னது உடுப்பு, சல்யூட் பற்றியெல்லாம் இல்லை. தலையாட்டுவது பற்றித்தான்.

நம் வகுப்பில் சார் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ஐம்பது பேரும் ‘புரிஞ்சுது சார்’ என்று கோரஸ் போடுவது எல்லாருக்கும் தெரியும். அங்கே எல்லாம் ஹிந்தி. தமிழ் மீடியத்தில் படித்த பையனுக்குப் பாதி புரியும், பாதி புரியாது. வெட்கத்தில் தலையாட்டிவிடுவான். ‘தம்பி, புரியலைன்னா சமஜ் நஹீ ஆயா சாப்னு அந்த இடத்துலயே சொல்லிரு. ரெண்டு ஏச்சு ஏசுவாங்க. வாங்கிக்கோ. தலையை ஆட்டிட்டுத் தப்பா செஞ்சேன்னா அப்புறம் நீ ஆமான்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்’ என்பார்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை என்பதற்கு அவர் சொன்ன உதாரணம் பெய்லி பாலம். மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்கு இது பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் டொனால்ட் பெய்லி என்ற பிரிட்டிஷ்காரர் வடிவமைத்தது. கிரேன் இல்லாமல் ஆட்களே தூக்கி, பின் அடித்து, உருளைகள் மேல் தள்ளிக் கட்டுகிற இரும்புப் பாலம். இதன் ஒரு பேனல் 10 அடி நீளம், சுமார் 260 கிலோ எடை. ஆறு பேர் கம்பு கொடுத்துத் தூக்குவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், தலைக்கு 43 கிலோ. ‘உட்டாவ்’ என்ற சொல்லுக்கு ஆறு பேரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், இறக்கும்போதும் அப்படியே. ஒருவன் மட்டும் சொல் புரியாமல் அரை விநாடி பிந்தினால் எடை முழுக்கப் பக்கத்தில் இருப்பவன் மேல் சாய்கிறது. போவது அவன் கால்விரல்.

2024 ஜூலை 30-ல் வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டபோது சூரல்மலையில் 190 அடி நீளப் பெய்லி பாலம் கட்டினது பெங்களூர் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்தான். மழையிலும் ராத்திரியிலும் வேலை பார்த்து ஆகஸ்ட் 1-ல் முடித்தார்கள். 24 டன் வரை வண்டிகள் போகலாம். டி.வி.யில் நாம் பார்த்தது பாலத்தை. அதைத் தூக்கின வரிசையில் புதிதாக வந்து சேர்ந்த பையன் ஒருவன் இருந்திருந்தால், அவனைப் பற்றிப் பக்கத்தில் நின்ற ஐந்து பேருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும்? அவன் எத்தனை சதவீதம் மார்க் வாங்கினான் என்பதா? ‘ரெடி’ என்று சொன்னால் நிஜமாகவே ரெடியா என்பது மட்டும்தான். (இந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் 1780-ல் தொடங்கியது. இவர்களுக்கு ராணுவத்தில் பட்டப்பெயரே ‘தம்பி’தான்!)

டிப்ளமோ விஷயத்திலும் அதே கதைதான். ‘மெக்கானிக்கலா? இன்ஜின் தெரியுமா?’ என்று கேட்பார்கள். தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. நாம் லேபில் கட் செக்ஷன் மாடலைப் பார்த்திருப்போம், நாலு ஸ்ட்ரோக் தியரி எழுதியிருப்போம். ஆகவே அளந்து சொல்ல வேண்டும்: ‘தியரி படித்திருக்கிறேன், வால்வ் டைமிங் பார்த்திருக்கிறேன், டோசர் இன்ஜினைத் தொட்டதில்லை.’ பத்தாவது படித்துவிட்டு எட்டு வருடமாக டோசர் ஓட்டுகிறவர் பக்கத்தில் நின்றுகொண்டு டிப்ளமோ பெருமை பேசினால் எடுபடாது என்பது என் அபிப்பிராயம். அவர் கிரீஸ் கேட்கும்போது கிரீஸ் எடுத்துக்கொடுப்பவனுக்குத்தான் அடுத்த வாரம் ஸ்பேனர் கிடைக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ‘பால்கோவா கொண்டு போகலாமா?’ என்று கேட்டேன். அண்ணாச்சி சிரித்துவிட்டார். வடக்கே மூன்று நாள் ரயிலில் வெயில் காலத்தில் பால்கோவா தாங்காது. பெங்களூர், ஊட்டிப் பக்கம் என்றால் கொண்டு போகலாம்; ஆனால் பாராக்கில் எல்லாருக்கும் பொதுவாக வைக்க வேண்டும். டப்பாவைத் தூக்கிக்கொண்டு பெரியவர் அறைக்குத் தனியாகப் போனால், அன்றைக்கே பெயர் கெட்டுவிடும். ராஜபாளையம் என்று சொன்னால் ‘குத்தேவாலா காவ்ங்?’, அதாவது நாய் ஊரா, என்று கேட்பார்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது. 2005-ல் தபால் தலையே வெளியிட்ட நாய் அது. வெள்ளை உடம்பு, சிவந்த மூக்கு. புதியவரைக் கண்டால் ஒட்டாது, பழகுகிற வரை பார்த்துக்கொண்டே இருக்கும். பாராக்கில் பழைய ஆட்களும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

செல்போன் பற்றி. உடுப்பு போட்டதும் ஊருக்குப் படம் போடத் தோன்றும். 2020 ஜூலையில் ராணுவம் தன் ஆட்களை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொன்னது. யூனிட்டில் அப்போதைக்கு என்ன விதியோ அதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனை எடுக்க வேண்டும். யூனிட் பெயர், இடம், வண்டி இவை தெரிகிற மாதிரி படம் வேண்டவே வேண்டாம். அம்மாவுக்கு வந்து சேர்ந்தேன் என்று போனில் சொன்னால் போதும்.

வந்த சில நாளில் கம்பெனி கமாண்டர் முன்னால் இன்டர்வியூ இருக்கும். ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், வீட்டில் ஏதும் கஷ்டமா என்று கேட்பார்கள். இதில் அப்பாவின் வேலையைக் கூட்டிச் சொல்கிறவர்கள் உண்டாம். எதற்கு? கமாண்டர் கேட்பது, நாளைக்கு வீட்டில் ஒன்று என்றால் லீவு கொடுப்பதற்கும் உதவி செய்வதற்கும். கடன் இருந்தால் கடன் என்றும், தங்கை கல்யாணம் இருந்தால் கல்யாணம் என்றும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துத் தந்தி அடித்த மாதிரி திடீரென்று சொன்னால் சந்தேகம்தான் வரும்.

இப்போது படிக்கிறவர்கள் செய்யக்கூடியது: என்.சி.சி.யில் முதல் வருடமே சேர்ந்தால் மூன்றாம் வருடம் ‘சி’ சான்றிதழ் வரை போகலாம். ஆள் எடுப்பில் அதற்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. இன்னொன்று ஹிந்தி எண்கள், ஒன்று முதல் நூறு வரை. துப்பாக்கி நம்பர், ஸ்டோரில் எடுத்த சாமான் கணக்கு, ஸ்பேனர் அளவு எல்லாம் எண்தான். அண்ணாச்சி என்னைச் சொல்லச் சொல்லிப் பார்க்கிறார். 69, 79, 89 மூன்றிலும்தான் நம் ஆட்கள் எல்லாரும் தடுமாறுவார்களாம்: உனஹத்தர், உனாசி, நவாசி. செமஸ்டர் லீவில் இந்த மூன்றையாவது மனப்பாடம் செய்துவிடுங்கள்.