இடாப்பில் இல்லாத பிள்ளைகள்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மருமகனுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. பிரதான ஜெயிலர் ஒன்று சொல்கிறார், அத்தியட்சகர் வேறொன்று சொல்கிறார், யார் பேச்சைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர். இரவில் ஒரு கைதியைத் தனியறைக்கு மாற்றச் சொல்லி, "காலையில் எழுதிக்கொள்ளலாம்" என்று இடாப்பை மூடி வைத்தார்களாம். அது எனக்குச் சரியாகப் படவில்லை. உமக்கும் பட்டிருக்காது, பட்டிருந்தால் நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்.

சிறைச்சாலையில் யாருக்கு அதிகாரம் என்ற கேள்விக்கு இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது. நான் இருக்கும் மேட்டிலிருந்து பார்த்தால் உட்துறைமுகமும் அதற்கு அப்பால் கடற்படைத் தளமும் தெரியும். அந்தத் தளத்துக்குள் 'கன்சைட்' என்று ஓர் இடம். 2008, 2009இல் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கடத்தப்பட்ட பதினொரு பேரை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள் என்பதுதான் வழக்கு. பெரும்பாலோர் தமிழ்ப் பிள்ளைகள், சிலர் மாணவர்கள். கப்பத்துக்காகப் பிடித்தார்கள் என்றது குற்றப் புலனாய்வுத் திணைக்களம். 2015 நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய செயற்குழு இங்கே வந்தது. தளத்துக்குள் இரகசியத் தடுப்பு அறைகள் இருந்ததை அந்தக் குழுவும் உலகத்துக்குச் சொன்னது.

வழக்கு தொடங்கிய விதத்தைக் கவனியும். 2009 மே மாதம் அப்போதைய கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட, தன்னுடைய பாதுகாப்பு அதிகாரியைப் பற்றித் தானே பொலிசில் முறையிட்டார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போன விசாரணைதான் இந்தப் பிள்ளைகளிடம் போய் முடிந்தது. பின்னர் தளபதியின் பெயரும் சந்தேகநபர் பட்டியலில் சேர்ந்தது. 2021இல் சட்டமா அதிபர் அவர் மீதான குற்றச்சாட்டுகளை முன்கொண்டு செல்லப் போவதில்லை என்று அறிவித்தார். யார் குற்றவாளி என்று தீர்ப்பெழுத நான் வரவில்லை. என் நெஞ்சை அறுப்பது வேறொன்று. அவ்வளவு பெரிய தளம், வாசலில் காவல், அணிவகுப்பு, பதவி வரிசை, சல்யூட். மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளின் பெயர் மட்டும் எந்த இடாப்பிலும் இல்லை. அங்கிருந்து தங்களோடு தொலைபேசியில் பேசினார்கள் என்று சில பெற்றோர் சொன்னார்கள். அப்படியென்றால், உள்ளே யாரோ ஒருவருக்கு இரக்கம் இருந்திருக்கிறது. இரக்கம் காட்டிய கை ஒரு பெயரை ஒரு தாளில் எழுதியிருந்தால்!

நான் நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளனாக இருந்த காலத்தில் ஆட்கொணர்வு மனுக்களில் தாய்மார் கூண்டில் ஏறுவார்கள். பிள்ளையின் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இரண்டு கையாலும் பிடித்திருப்பார்கள். வியர்வை பட்டு உறையின் ஓரம் வெளுத்திருக்கும். மறுபக்கத்துச் சட்டத்தரணி எழும்பி, "எங்கள் பதிவுகளில் அப்படி ஒருவர் இல்லை" என்பார். அதைத் தமிழில் அந்தத் தாய்க்கு நான் சொல்ல வேண்டும். வழக்கு அந்த வசனத்தில் செத்துவிடும். ஆகவேதான் உமக்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: அத்தியட்சகருக்கும் பிரதான ஜெயிலருக்கும் உமக்கும் அதிகாரம் தருவது அந்த இடாப்புத்தான். அதில் ஏறாத ஒரு மனிதரைப் பூட்டி வைக்க உங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் உரிமை கிடையாது.

இப்போது சட்டமும் உம் பக்கம் இருக்கிறது. காணாமல் ஆக்குதலுக்கு எதிரான சர்வதேச சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது, 2018இல் 5ஆம் இலக்கச் சட்டமாக்கியது. இரகசியத் தடுப்பு கூடாது, தடுத்து வைத்தவர்களின் பதிவேடு இருக்க வேண்டும், மேலிடத்து உத்தரவு என்பது காரணமாகாது என்று சமவாயம் சொல்கிறது. "சேர் சொன்னார், செய்தேன்" என்பது உம்மைக் காப்பாற்றாது.

அதற்காக மேலதிகாரியோடு முண்டச் சொல்லவில்லை. முண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து கொக்கோஸ் தீவுகளில் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் தங்கள் கப்டனுக்கு எதிராகக் கிளம்பினார்கள். ஓர் இரவுக்குள் எல்லாம் முடிந்தது. அவர்களில் கிரேஷன் பெர்னாண்டோ என்பவரையும் இன்னும் இருவரையும் அந்த ஆகஸ்ட்டில் வெலிக்கடையில் தூக்கில் போட்டார்கள். கப்டனிலும் பிழை இருந்ததாகச் சொல்வார்கள், இருந்திருக்கும். கீழே உள்ளவனின் முறைப்பாடு காதில் ஏறாத இடத்தில்தான் துவக்கு பேசும். நாளைக்கு நீர் அத்தியட்சகராகும்போது இதை மறக்க வேண்டாம். கைதி முறையிட்டாலும் காவலர் முறையிட்டாலும் நின்று கேளும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். வாய்மொழி உத்தரவு வந்தால், குரலை உயர்த்தாமல், "எழுத்தில் தாங்கோ சேர், உடனே செய்கிறேன்" என்று சொல்லும். தர மறுத்தால், இன்ன நேரம், இன்னார் சொன்னார் என்று உம்முடைய நாட்குறிப்பில் எழுதிக் கையொப்பம் வையும். இடாப்பில் இரண்டு பெயருக்கு நடுவில் வெற்று வரி விடவே விடாதேயும். பின்னால் வந்து எழுதுகிறவனுக்கு அந்த வரிதான் கதவு. நேரம் போடும்போது மணி மட்டுமல்ல, நிமிடமும் போடும். ஒருவரை அறை மாற்றினால் ஏன் என்றும் எழுதும். இரண்டு அதிகாரிகளும் முரண்பட்டால், இரண்டு உத்தரவையும் அப்படியே பதிந்து, அத்தியட்சகரிடம் நேரே கொண்டுபோய்க் காட்டும். உமக்கு இடமாற்றம் வரலாம். வரட்டும். மூட்டையைக் கட்டிக்கொண்டு போம். உம்முடைய மாமிக்கும் இதைச் சொன்னேன், பயந்தாலும் சரி என்றுதான் சொன்னா.

அன்று இரவு மாற்றிய அந்தக் கைதி இப்போது எந்த அறையில் இருக்கிறார், அவர் வீட்டுக்காரர் பார்க்க வந்தார்களா என்பதை நீர் எழுதவே இல்லை. இந்தக் கடிதம் கண்டதும் முதலில் போய் அவரைப் பாரும். பார்த்துவிட்டு இரண்டு வரி எழுதிப் போடும்.

அன்புடன்,
மாமா