வீட்டில் வகுப்பு வைக்கப் போகிறாயாமே

உறையூர், திருச்சி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. நீ அனுப்பிய திட்டத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தேன். மேற்கு மாம்பலத்து மூன்றாம் மாடி வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு வகுப்பு. முதல் மாதம் தையல், அடுத்தது குழாய் வேலை, அப்புறம் சைக்கிள், மிக்ஸி. ஒரு தடவைக்கு முப்பது பேர். கட்டணம் கிடையாது, நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வார்கள். இதைக் கேட்டதும் உங்கம்மா, ‘ஆபீஸ் போய்வந்து அக்கடான்னு கிடக்காம இது எதுக்கு’ என்று போனில் புலம்பினாள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தாராளமாகச் செய். முப்பது பேர் மட்டும் வேண்டாம், இலவசமும் வேண்டாம்.

எட்டுப் பேர் போதும். இத்தனை வருஷம் தையல் சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறேன், ஒருத்தி ஒரே நேரத்தில் எட்டு ஜோடிக் கைகளைத்தான் கவனிக்க முடியும். ஒன்பதாவது ஆள் வந்தால் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவாள். வேடிக்கை பார்ப்பதற்குத்தான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே.

முதல் வகுப்பிலேயே பிளவுஸ் வெட்டக் கற்றுத்தருவதாக எழுதியிருக்கிறாய். ஒரு நாளில் அது வராது. ஹூக் வைப்பது, பட்டன் தைப்பது, மடித்து ஹெம்மிங் போடுவது, இந்த மூன்றும் போதும். வருகிறவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே கிழிந்தது, பிரிந்தது ஏதாவது கொண்டுவரட்டும். மாலையில் அதைத் தைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். சான்றிதழ் கீன்றிதழ் எல்லாம் அச்சடிக்காதே. நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்ட விடாதே. அடிக்கடி கோர்க்கச் சோம்பல்பட்டு எல்லாரும் நீளமாகத்தான் இழுப்பார்கள், மூன்றாவது தையலிலேயே முடிச்சு விழும், தனக்குக் கை வராது என்று முடிவுகட்டிவிடுவார்கள். இடது கைக்காரர் யாராவது இருந்தால் உனக்கு எதிரே உட்காரவை. கண்ணாடியில் பார்ப்பதைப் பார்த்துச் செய்கிற மாதிரி அவருக்குச் சுலபமாக வரும். முக்கியமாக, யார் எவ்வளவு கோணலாகத் தைத்தாலும் கையிலிருந்து துணியைப் பிடுங்கி நீ தைத்துக்கொடுக்காதே. பிரிக்கச் சொல். பிரிப்பதும் பாடம்தான்.

ஆம்ஸ்டர்டாமைப் பற்றி எழுதியிருந்தாய். 2009-இல் மார்ட்டினே போஸ்ட்மா என்ற பத்திரிகைக்கார அம்மா அங்கே முதல் ‘ரிப்பேர் கஃபே’யைத் தொடங்கினார், பழுதான சாமானைக் கொண்டுவருகிறவர் வேலை தெரிந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தானும் சேர்ந்து சரிசெய்வார், அங்கே எல்லாமே தன்னார்வம் என்று. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் நம் ஊரில் உன் தெருமுனையிலேயே ஆல்ட்டரேஷன் டெய்லர் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மிக்ஸி ஜாருக்கு கப்ளர் மாற்றுகிறவர், குடை தைக்கிறவர், பஞ்சர் ஒட்டுகிறவர் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். அது அவர்களுடைய பிழைப்பு. ‘சும்மா வந்து சொல்லிக்கொடுங்கண்ணே, உங்களுக்கும் நாலு பேர் பழக்கமாவாங்க’ என்று கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்குக் கடையைச் சாத்தினால் அவருக்கு என்ன நஷ்டமோ, அதற்குக் குறையாமல் கவரில் போட்டுக் கொடு. வருகிறவர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கு. முடியாதவர்களுக்கு இரண்டு இடம் ஒதுக்கிவை, யாருக்கு ஒதுக்கினாய் என்பது உன்னோடு இருக்கட்டும்.

நீ செய்ய வேண்டிய வேலை, சொல்லிக்கொடுக்க வருகிற தொழில்காரர் பக்கத்தில் இருப்பது. கை பழகினவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்பதே தெரியாது. குழாயைத் திறந்து ஸ்பிண்டிலைக் கழற்றி, தேய்ந்த வாஷரை மாற்றி மூடிவிடுவார், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. ‘அண்ணே, இப்ப என்ன பண்ணீங்க? டேப்பை ஏன் இந்தப் பக்கமா சுத்துறீங்க?’ என்று நீ இடையில் கேட்டுக்கொண்டே இரு. மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை, மாட்டும்போது திருகுகிற திசையிலேயே சுற்ற வேண்டும், மாற்றிச் சுற்றினால் பிரிந்து சுருண்டுகொள்ளும். இதை அவராகச் சொல்ல மாட்டார், கேட்டால் ஆசையாகச் சொல்வார். மைக்ரோவேவ் அடுப்பைத் திறந்து பார்க்கலாமா என்று யாராவது கேட்டால் ஒரேயடியாக மறுத்துவிடு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி அடிக்கிற மின்சாரம் நிற்கும்.

இனி உன் பூனைகள், மிளகுவும் அப்புவும். திட்டத்தில் டீ, பிஸ்கட், பாய், ஸ்பீக்கர் எல்லாம் இருக்கிறது, இந்த இரண்டைப் பற்றி ஒரு வரி இல்லை. தையல் வகுப்பும் பூனையும் ஒரே கூடத்தில் ஆகாது. பூனையின் நாக்கிலுள்ள முட்கள் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். வாய்க்குள் போன நூலைத் துப்புவது அதற்குக் கஷ்டம், பெரும்பாலும் விழுங்கிவிடும். நூலின் ஒரு முனை நாக்கடியிலோ வயிற்றிலோ மாட்டிக்கொண்டால், நாடா இழுத்த பாவாடை இடுப்பு மாதிரி குடல் சுருங்கி, சில சமயம் அறுபட்டும் போகும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே கூடாது. அப்படியே தூக்கிக்கொண்டு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போ.

இன்னொன்று யாருக்கும் தோன்றாது. ரிப்பேருக்கு வருகிற பழைய பட்டுப்புடவை பீரோவிலிருந்து வரும், அதன் மடிப்பில் அந்துருண்டை இருக்கும். அது பூனைக்கு விஷம். யாராவது தலைவலிக்கு எடுத்துக் கீழே தவறவிடுகிற பாராசிட்டமாலும் அப்படித்தான், ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

ஆகவே வகுப்பன்று இரண்டையும் படுக்கையறையில் விட்டு, மணல் பெட்டி, தண்ணீர், அதுகள் படுக்கிற துணி எல்லாம் உள்ளேயே வைத்துப் பூட்டு. சாவி உன் இடுப்பில் இருக்கட்டும். ‘பூனையைப் பார்க்கணும்’ என்று கெஞ்சுகிறவர்களுக்கு மனம் இளகாதே. வாசல் கதவு ஒரு நிமிஷம் திறந்திருந்தால் போதும், அப்பு மூன்று மாடியும் இறங்கிவிடும். அந்த அறை ஜன்னலுக்குப் புறா வலை அடித்திருக்கிறாயா என்று எழுது. எல்லாரும் போனபின் ஊசிகளை எண்ணு, ஒரு காந்தத்தைத் தரையில் ஓட்டு, கூட்டிப் பெருக்கு, அப்புறம்தான் கதவைத் திறக்க வேண்டும். பூனை ரோமம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், முன்கூட்டியே தகவலில் ஒரு வரி போட்டுவிடு. அதுகள் அறைக்குள் இருந்தாலும் பாய், சோபா முழுக்க அதுகளின் எச்சில் காய்ந்துதான் கிடக்கும்.

உன் சிநேகிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருத்தி கணக்கு, ஒருத்தன் போட்டோ, ஒருத்தி டீ என்று பட்டியல் போட்டு ஒட்டியிருக்கிறாய். முதல் மூன்று மாதம் சந்தோஷமாகச் செய்வார்கள். நாலாவது மாதம் ஒருத்திக்குக் காய்ச்சல் வரும், உனக்கு அது சாக்காகத் தோன்றும். அதற்கு இடம் வைக்காதே. யார் வந்தாலும் வராவிட்டாலும் நீ ஒருத்தியே சமாளிக்கிற அளவில் வகுப்பை வைத்துக்கொண்டால், வருகிற சிநேகிதம் வரவாகத்தான் இருக்கும். டீ போடத் தனியாக ஆள் எதற்கு, தைக்க வந்தவர்களே போடட்டும். வகுப்பில்லாத ஞாயிறுகளில் அவர்களைச் சும்மா சாப்பிடக் கூப்பிடு. அந்த வேளையில் அடுத்த மாதத்து வகுப்பைப் பற்றி வாயைத் திறக்காதே. நீ திறப்பாய், எனக்குத் தெரியும்.

வீட்டு ஓனரம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடு. மாடிப்படியில் செருப்பு பரப்பினால் எந்த ஓனருக்கும் கோபம் வரும், ஒரு கோணியை உன் வாசலுக்கு உள்ளேயே விரித்துவிடு. அவரையும் ஒரு பிளவுஸோடு வரச் சொல்லிப் பாரேன். மொட்டைமாடியில் வகுப்பு வைக்கிற யோசனை தை, மாசிக்கு மட்டும்தான். சித்திரையில் தரையில் கால் வைக்க முடியாது, ஐப்பசியில் மழை.

என் பழைய கால் மெஷினை லாரி பார்சலில் போட்டுவிடுகிறேன். எண்ணெய் விட்டிருக்கிறேன், பெல்ட் தளர்ந்திருக்கிறது, அங்கேயே மாம்பலத்தில் புதுசு வாங்கிக்கொள். இப்போது பதினாறாம் நம்பர் ஊசி மாட்டியிருக்கிறது, காட்டன் பிளவுஸ் துணி என்றால் பதினாலு போடு. மூன்று மாடி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும், அவர்களுக்கும் கூலி கொடு.

அன்புடன்,
பெரியம்மா