பரிந்துரை வேறு, பட்டியல் வேறு

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் ஈப்போ வாசக நண்பர்களின் புலனக் குழுவில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அண்ணே, எதுக்குப் போடணும்னு மட்டும் சொல்லுங்க, போட்டுடுறேன்." அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதுக்கு முன்மொழிவதைப் பற்றித்தான் கேட்கிறார். நான் கதைகளைச் சொல்வேன், ஓட்டைச் சொல்ல மாட்டேன். தேர்தலன்று எந்தச் சின்னத்துக்கு நேரே குறி போடுவது என்று தண்டல் சொல்லி அனுப்பிய கதைகளைக் கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைக்கு, இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் இருக்கத்தான் செய்யும்.

ஹியூகோவுக்கு முன்மொழிய எழுத்தாளராகவோ பேராசிரியராகவோ இருக்க வேண்டியதில்லை. உலக அறிவியல் புனைவு மாநாட்டில் உறுப்பினராகச் சேர்ந்தால் போதும். மாநாட்டுக்குப் போகாமல் ஓட்டு மட்டும் போடும் உறுப்பினருக்குக் கட்டணம் ஐம்பது அமெரிக்க டாலர் அளவில் இருக்கும். முந்தைய ஆண்டு வெளியான படைப்புகளில், பிரிவுக்கு ஐந்து வரை எழுதலாம். சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து போடுகிற ஓட்டுக்கும் லண்டனில் போடுகிற ஓட்டுக்கும் மதிப்பு ஒன்றுதான்.

அப்புறம் பரிந்துரை எதற்கு? சிறுகதைப் பிரிவைப் பாருங்கள். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கதைகள் வருகின்றன. ஆளுக்கொரு கதையைப் படித்து ஆளுக்கொன்றை எழுதினால் ஓட்டு சிதறிப்போகும். 2013-இல் அதுதான் நடந்தது. குறைந்தது ஐந்து விழுக்காடு ஓட்டாவது வாங்க வேண்டும் என்ற விதி அப்போது இருந்ததால், சிறுகதை இறுதிப் பட்டியலில் மூன்றே கதைகள் மிஞ்சின. அந்த விதி இப்போது இல்லை, ஆனால் சிதறல் இருக்கிறது. நல்ல கதை ஒன்று கண்ணில் பட்டால் நாலு பேரிடம் சொல்லிவைப்பது அதனால்தான்.

சொல்வதிலும் ஒரு வரம்பு வேண்டும். 2015-இல் ஒரு கூட்டம் ஆயத்தப் பட்டியலைக் கையில் கொடுத்து அப்படியே போடச் சொன்னது. இறுதிப் பட்டியலின் பெரும்பகுதி அவர்கள் வசமாயிற்று. மற்ற வாக்காளர்கள் கோபத்தில் சிறுகதை உட்பட ஐந்து பிரிவுகளில் 'விருது யாருக்கும் இல்லை' என்று தீர்ப்பளித்தார்கள். 2017 முதல் எண்ணும் முறையே மாறிவிட்டது. இப்போது ஒரு பிரிவில் உங்கள் சீட்டுக்கு ஒரு புள்ளி. ஐந்து கதை எழுதினால் புள்ளி ஐந்தாகப் பிரியும், ஒரு கதை கழிந்தால் அதன் பங்கு மீதிக் கதைகளுக்குப் போகும். நூறு பேர் ஒரே பட்டியலை எழுதினால் அவர்களுடைய கதைகளே ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். ஆகவே பிடித்தது இரண்டுதான் என்றால் இரண்டோடு நிறுத்துங்கள். கட்டம் காலியாக இருக்கிறதே என்று படிக்காத கதையை எழுதி நிரப்பாதீர்கள். நானும் பரிந்துரைக்கும்போது ஐந்து என்ற எண்ணிக்கையைத் தவிர்த்துவிடுவேன். பத்துப் பன்னிரண்டு சொன்னால்தான் கேட்பவர் தாமாகப் படித்துத் தேர்ந்தெடுப்பார்.

"அருமையான கதை, கட்டாயம் படிங்க" என்பதால் யாரும் படிப்பதில்லை. கதை நம் ஆளை எங்கே தொடும் என்று சொன்னால் படிக்கிறார்கள். 2024-இல் சிறுகதைக்கான ஹியூகோ வாங்கிய நவோமி கிரிட்சரின் கதையில், மனிதர்களை மகிழ்ச்சியாக வைத்திருப்பதற்காக ஒரு கைப்பேசிச் செயலி, இப்போது எழுந்திரு, இப்போது படம் வரை என்று வேளைக்கு வேளை சொல்லிக்கொண்டே இருக்கும். வெளியான ஆண்டிலேயே அதை அம்மாவுக்குச் சொன்னேன். விடிவதற்குமுன் தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு ஓடி, நெற்றி விளக்கோடு பால்மரம் வெட்டியவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "வேலை ஏவுது சரி, அதுக்குச் சம்பளம் யாரு குடுக்குறா?" என்றார். குழுவில் அந்தக் கேள்வியை மட்டும் போட்டு, கதைக்குச் சுட்டியும் கொடுத்தேன். அந்த ஆண்டு நான் சொன்னவற்றில் எல்லாரும் படித்தது அது ஒன்றைத்தான். கதையின் முடிவை மட்டும் சொல்லிவிடக் கூடாது. அம்மாவிடம் சொன்னேன், அது வேறு விஷயம்.

மீதியெல்லாம் கணக்கெழுதும் கிராணி வேலை. கதைக்கு எதிரே ஆசிரியர், இதழ், முதலில் வெளியான மாதம், சொல் எண்ணிக்கை நான்கையும் குறித்துவைக்க வேண்டும். 7,500 சொல்லுக்குள் இருந்தால் சிறுகதை, அதிலிருந்து 17,500 வரை நெடுங்கதை, 40,000 வரை குறுநாவல். தேதி விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜனவரி இதழ் டிசம்பரிலேயே கைக்கு வந்தாலும் அட்டையில் உள்ள தேதிதான் கணக்கு. தொகுப்பில் புதிதாகப் படித்த கதை இரண்டு ஆண்டுக்கு முன்பே இதழில் வந்திருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள். இந்தக் குறிப்புகளை மார்ச்சில் உட்கார்ந்து தேடினால் நடக்காது. படித்த அன்றே எழுதிவிட வேண்டும். கிளார்க்ஸ்வேர்ல்ட், அன்கேனி, ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் போன்ற இதழ்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால், மாதம் நாலு கதை படிப்பதற்குப் பணம் ஒரு தடையே இல்லை.

பெரிய பெயர்களுக்கு என் குரல் தேவையில்லை. பக்கத்து மண்ணைத் தேடிப் பார்ப்பேன். மலேசியாவில் பிறந்து வளர்ந்த ஸென் சோ 2019-இல் நெடுங்கதைக்கு ஹியூகோ வாங்கினார். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக டிராகனாக முயன்று தோற்கும் ஒரு பாம்பின் கதை அது. இலங்கையின் வஜ்ர சந்திரசேகர 2024-இல் நாவலுக்கு நெபுலா விருது வாங்கினார், ஆனால் அதற்கு முன்மொழிய அறிவியல் புனைவு, மிகைக்கற்பனை எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். நம்மால் தொட முடிவது ஹியூகோ.

தமிழ்க் கதை? தாராளமாகத் தகுதி உண்டு. எந்த மொழியில் வந்தாலும் செல்லும், முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு வரும் ஆண்டில் இன்னொரு வாய்ப்பும் கிடைக்கும். லியூ சிக்சினின் சீன நாவல் கென் லியூவின் மொழிபெயர்ப்பில் 2015-இல் வென்றது அந்த வழியில்தான். அரூ இதழ் 2019-இல் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தியபோது, சுஜாதாவோடு நின்றுவிட்டதாக நாம் நினைத்திருந்த வகையில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று தெரிந்தது. செம்பனைக் காடாகிவிட்ட பழைய தோட்டத்தில் நடக்கும் அறிவியல் கதை ஒன்றை யாராவது எழுதி, யாராவது ஆங்கிலத்தில் கொண்டுவந்தால், என் பட்டியலில் முதல் இடம் அதற்குத்தான், அதுவும் நன்றாக இருந்தால். மொழிபெயர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதலில் வெளியான தேதியையும் ஆங்கிலச் சொல் எண்ணிக்கையையும் கதைக்குக் கீழேயே போட்டுவிடுங்கள். முன்மொழிய நினைக்கிறவர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.