எக்ஸெல் பாடம்: ஒரு ஃபங்ஷன், எல்லா ஒர்க்புக்கிலும்

எக்ஸெலில் கூட்டல், சராசரி முதலிய ஃபங்ஷன்கள் தயாராக இருக்கின்றன. நம் தொழிலுக்கு வேண்டியதை நாமே எழுதிக்கொள்ளவும் வழி உண்டு.

ஓர் உதாரணம். ரயில் பாதை வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்தி வைக்கும் அளவைக் 'கேன்ட்' என்போம். அகலப் பாதையில், கி.மீ. கணக்கிலான வேகத்தின் வர்க்கத்தை 1750ஆல் பெருக்கி, 127 × ஆரம் என்பதால் வகுத்தால் மில்லிமீட்டரில் விடை வரும். வேகம் 100, ஆரம் 875 மீட்டர் என்றால் 157.5 மி.மீ.

ஆல்ட், எஃப்11 சாவிகளைச் சேர்த்து அழுத்தி, இன்சர்ட், மாட்யூல் என்று போய் இதை எழுதலாம். ஆனால் ஒவ்வொரு ஒர்க்புக்கிலும் நகல் எடுத்து வைப்பது ஆபத்து. தண்டவாளங்களின் உட்புற இடைவெளி 1676 மி.மீ.; மையத்துக்கு மையம் 1750. ஒருவர் 1676 என்று எழுதிவிட்டால் விடை 150.8 ஆகிவிடும். ஒரு நகலைத் திருத்தினாலும் மற்றவற்றில் பிழை அப்படியே நிற்கும்.

பெர்சனல் ஒர்க்புக்கில் வைத்தால், ஒவ்வொரு முறையும் அந்த ஃபைலின் பெயரையும் முன்னால் சேர்த்து எழுதவேண்டும். ஆட்-இன் முறையே சிறந்தது. புதிய ஒர்க்புக்கில் ஃபங்ஷனை எழுதி, சேவ் ஆஸ் மூலம் 'எக்ஸெல் ஆட்-இன்' வகையாகச் சேமியுங்கள். பிறகு ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் சென்று, கீழே 'கோ' அழுத்தி, அதன் பெயருக்கு டிக் போடுங்கள். இனி அந்தக் கணினியில் எந்த ஒர்க்புக்கிலும் அது வேலை செய்யும்.

பாதுகாப்புக்கு நான்கு விதிகள்:

1. ட்ரஸ்ட் சென்டரில் எல்லா மேக்ரோவையும் அனுமதிக்கும் வசதியைத் தொடாதீர்கள். அறிவிப்புடன் தடுக்கும் நிலையே போதும்.

2. இணையத்திலிருந்து வரும் ஃபைல்களின் மேக்ரோவை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானே தடுக்கிறது. எழுதியவரைத் தெரியாமல் அந்தத் தடையை நீக்காதீர்கள்.

3. ஆட்-இன் இல்லாத கணினியில் மறுகணக்கிடும்போது விடைக்குப் பதில் 'நேம்' என்ற பிழைக்குறி வரும். பிறருக்கு அனுப்பும் நகலில், பேஸ்ட் ஸ்பெஷல் மூலம் விடைகளை வெறும் எண்களாக மாற்றிவிடுங்கள்.

4. இதுவே முக்கியம். ஆட்-இன்னில் சூத்திரத்தை மாற்றினால், முன்பு முடித்த பழைய கணக்குகளும் மறுகணக்கில் மாறிவிடும். பிழை என்றால் திருத்தி, பழைய விடைகளைச் சரிபாருங்கள். விதிமுறையே மாறினால் புதுப் பெயரில் வேறொரு ஃபங்ஷன் எழுதுங்கள்.

கையால் போட்டுப் பார்த்த நாலைந்து கணக்குகளைத் தனி ஷீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபங்ஷனைத் தொட்டபோதெல்லாம் அந்த விடைகளுடன் ஒப்பிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.