ஒட்டு விட்ட பந்து: காசு திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: லயத்துப் பிள்ளைகளை நிலாவெளிக்கு ட்ரிப் கூட்டிப்போக, ஹட்டன் கடையொன்றில் காற்றடிக்கும் பந்து நான்கு வாங்கினோம். கடற்கரையில் ஊதிக் கொஞ்ச நேரத்திலேயே இரண்டு பந்துகள் ஒட்டு விட்டுவிட்டன. "வித்த சாமான திருப்பி எடுக்க மாட்டோம்" என்று கடைக்காரர் போர்டைக் காட்டுகிறார். பில்லும் தரவில்லை. சின்னத் தொகைதான். ஏதாவது செய்ய முடியுமா ஐயா?
- வாசகர், றொசல்ல

பதில்: முடியும். தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள்.

1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, ஒரு பொருளை வழமையாக விற்கும் வியாபாரி கொடுக்கும் சாமான் விற்பனைக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும். வாங்கும்போதே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் குறைக்கு இது பொருந்தாது. ஆனால், உறைக்குள் மடித்து வைத்த பந்தின் ஒட்டு பலவீனமா என்பதைக் கடையில் நின்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. இது உங்கள் பக்கம் வலுவான வாதம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் நீங்கள் முறையிடலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சபை இரு தரப்பையும் விசாரித்து, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, நட்டஈடு கொடுக்கவோ கட்டளையிடலாம். கடையில் தொங்கும் போர்டு இந்த முறைப்பாட்டைத் தடுக்காது.

கடைக்காரர், "கல்லில் பட்டிருக்கும், அளவுக்கு மீறி ஊதியிருப்பீர்கள், வெயிலில் போட்டிருப்பீர்கள்" என்று சொல்லக்கூடும். வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிவது உண்மைதான். அதனால் பந்துகளை எறியாதீர்கள். கிழிசல் ஒட்டின் வழியே நேராகப் போகிறதா, நடுப்பகுதியில் கீறல் இருக்கிறதா என்று தெரியும்படி கிட்டத்தில் படம் எடுங்கள். உறையையும் வைத்திருங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை, இப்போதாவது கேளுங்கள். மறுத்தால், கூட வந்தவர்களின் பெயர், வாங்கிய திகதி, கொடுத்த தொகை ஆகியவற்றை முறைப்பாட்டில் எழுதுங்கள்.

தமிழிலேயே எழுதலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் முதல் தமிழும் அரசகரும மொழி. விபரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பந்து விளையாட்டுச் சாமான், உயிர்காக்கும் மிதவை அல்ல. அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஆழத்துக்குப் போக விடாதீர்கள். காற்று பந்தைக் கடலுக்குள் இழுத்துப் போனால், போகட்டும் என்று விட்டுவிடுங்கள். பந்துக்கு நட்டஈடு கேட்கலாம், பிள்ளைக்கு எந்தச் சட்டத்திலும் ஈடு இல்லை.